நடமாடும் வீட்டுக்குச் சோலார், பேட்டரி மின்சாரம்: எதற்குப் பின் எது, ஏன்

வண்டிக்குள் வீடு அமைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது சோலார் பேனல். கடைசியாக யோசிப்பது ஃபியூஸ். பிறகு மாலையில் ஃபிரிட்ஜ் நின்றுபோகிறது, கம்பி சூடாகிறது, அப்போதுதான் கணக்குப் பார்க்கிறார்கள். கணக்கு முதலில் வர வேண்டும். பேட்டரியின் அளவையும் பேனலின் அளவையும் உங்கள் ஒரு நாள் செலவு தீர்மானிக்கிறது. அவை முடிவான பிறகே கன்ட்ரோலர் (பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கருவி), கம்பி, ஃபியூஸ் ஆகியவற்றின் அளவைச் சொல்ல முடியும். இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே எடுத்துக்காட்டைக் கொண்டுசெல்கிறேன்: இருவர் தங்கும் வேன், 12 வோல்ட் அமைப்பு. உங்கள் எண்களை அதில் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நேர்மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டர் கட்டாயம். கம்பியைத் தொடாமலே ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டரும் இருந்தால் பல சந்தேகங்கள் நிமிடத்தில் தீரும். அது நேர்மின்சாரத்தையும் அளக்கும் வகையா என்று பார்த்து வாங்குங்கள். விலை குறைந்த பலவும் மாறுதிசை மின்சாரத்தை மட்டுமே அளக்கும்.

தடித்த கேபிள்களின் நுனியில் லக் (திருகில் மாட்டும் உலோக வளையம்) அழுத்த ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவி தேவை. சொந்தமாக வாங்க வேண்டியதில்லை, இரவல் கிடைத்தாலும் போதும். சுத்தியலால் தட்டி அழுத்திய லக், பார்க்க நன்றாக இருந்தாலும் உள்ளே காற்று இடைவெளி வைத்திருக்கும். நூறு ஆம்பியர் ஓடும்போது அந்த இடைவெளிதான் சூடாகும்.

மோதிரம், கைச்சங்கிலி, உலோகக் கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட்டு வேலையில் இறங்குங்கள். ஸ்பேனரின் கைப்பிடியை மின்காப்பு டேப்பால் சுற்றுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பதால் பலர் அசட்டையாக இருக்கிறார்கள். ஆனால் இரு முனைகளுக்கும் குறுக்கே ஸ்பேனர் விழுந்தால் பேட்டரி ஆயிரக்கணக்கான ஆம்பியரை அதற்குள் செலுத்தும். ஸ்பேனர் பழுக்கக் காய்ந்துவிடும்.

2. ஒரு நாள் செலவைத் தாளில் எழுதுங்கள்

ஒவ்வொரு கருவியின் வாட்டையும் அது ஓடும் மணிநேரத்தால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். வீட்டு மீட்டரில் ஒரு யூனிட் என்பது 1000 வாட்-மணி. எங்கள் எடுத்துக்காட்டு வேனின் பட்டியல் இது:

- 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ், 50 வாட், மொத்தம் 10 மணிநேர ஓட்டம்: 500
- எல்இடி விளக்குகள் நான்கு, தலா 5 வாட், 4 மணி: 80
- மின்விசிறி, 25 வாட், 8 மணி: 200
- மடிக்கணினி, 60 வாட், 3 மணி: 180
- இரண்டு கைபேசிகள்: 30
- தண்ணீர் பம்ப், 60 வாட், கால் மணி: 15
- மிக்ஸி, 500 வாட், 6 நிமிடம்: 50

கூட்டினால் 1055 வாட்-மணி. மடிக்கணினியும் மிக்ஸியும் இன்வெர்ட்டர் வழியாக ஓடுவதால் அங்கே 10 முதல் 15 விழுக்காடு இழப்பு உண்டு. இன்வெர்ட்டர் சும்மா இருந்தாலும் மின்சாரம் குடிக்கும். கருவியைப் பொறுத்து 10 முதல் 20 வாட் வரை போகலாம். நாள் முழுவதும் அணைக்காமல் விட்டால் 15 வாட் இன்வெர்ட்டர் ஒன்றே 360 வாட்-மணியைத் தின்றுவிடும். மேலே உள்ள மின்விசிறியும் விளக்குகளும் சேர்ந்துகூட அவ்வளவு செலவழிப்பதில்லை. எனவே தேவையான நேரத்தில் மட்டும் இன்வெர்ட்டரைப் போடுவது என்று வைத்து, சில்லறைச் செலவுகளையும் சேர்த்து, 1200 வாட்-மணி என்று முடிவு செய்கிறேன்.

ஃபிரிட்ஜில்தான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள். 50 வாட்டை 24 மணியால் பெருக்கி மிரண்டுபோகிறார்கள், அல்லது குளிர்ந்த நாளில் அளந்துவிட்டு வெயில் காலத்தில் ஏமாறுகிறார்கள். கம்ப்ரசர் விட்டுவிட்டுத்தான் ஓடும். எவ்வளவு நேரம் என்பது வண்டிக்குள் இருக்கும் வெப்பத்தைப் பொறுத்தது. நீங்கள் போகப்போகும் மிக வெப்பமான இடத்தை மனத்தில் வைத்துக் கணக்கிடுங்கள்.

சூடு உண்டாக்கும் கருவிகளைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு அரை மணி ஓடினால் 1000 வாட்-மணி போய்விடும். மேலே உள்ள பட்டியல் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. வாட்டர் ஹீட்டர், ஏர்கண்டிஷனர் ஆகியவையும் அதே ரகம். செய்யவே முடியாது என்பதில்லை. ஆனால் அது வேறு அளவு அமைப்பு, வேறு எடை, வேறு செலவு. முதல் அமைப்பில் இவற்றைத் தவிர்ப்பதே நல்லது.

3. பேட்டரி: வகையும் அளவும்

ஈய-அமில பேட்டரியில் எழுதியிருக்கும் கொள்ளளவில் பாதியை மட்டுமே நாள்தோறும் எடுக்கலாம். அதற்குக் கீழே போகப்போக ஆயுள் வேகமாகக் குறையும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 80 விழுக்காடு வரை தயக்கமின்றி எடுக்கலாம். ஆகவே 100 ஆம்பியர்-மணி என்று இரண்டிலும் எழுதியிருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல.

இரண்டு நாள் வெயிலே இல்லாவிட்டாலும் தாங்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் தேவை 2400 வாட்-மணி. லித்தியமாக இருந்தால் 2400-ஐ 0.8-ஆல் வகுக்க 3000, அதை 12.8 வோல்ட்டால் வகுக்க ஏறத்தாழ 234 ஆம்பியர்-மணி. ஈய-அமிலமாக இருந்தால் 400 ஆம்பியர்-மணி. எடையைப் பாருங்கள்: 100 ஆம்பியர்-மணி லித்தியம் 11 முதல் 13 கிலோ, அதே அளவு ஏஜிஎம் பேட்டரி (மூடிய வகை ஈய-அமிலம்) 30 கிலோவுக்கு அருகில். 25 கிலோவா 120 கிலோவா என்பது வண்டியின் சுமை வரம்பில் பெரிய வித்தியாசம்.

மேகமூட்டமான நாளிலும் பேனல் கொஞ்சம் தரும் என்பதால், எடுத்துக்காட்டுக்கு 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரண்டை இணையாக வைக்கிறேன். ஏறத்தாழ 1.7 நாளுக்கு வரும்.

லித்தியம் வாங்கும்போது இரண்டு விஷயங்களைக் கேட்டே ஆக வேண்டும். முதலாவது, உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்றான பிஎம்எஸ் எத்தனை ஆம்பியரைத் தொடர்ந்து அனுமதிக்கும் என்பது. 100 ஆம்பியர் வரம்புள்ள ஒற்றைப் பேட்டரியில் 2000 வாட் இன்வெர்ட்டரை மாட்டினால், முழுச் சுமை வந்ததும் பிஎம்எஸ் எல்லாவற்றையும் துண்டித்துவிடும். இரண்டாவது, குளிரில் சார்ஜை நிறுத்தும் வசதி. உறைநிலைக்குக் கீழே இவ்வகை செல்களைச் சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரச் சேதம் ஏற்படும். குளிர்ப் பிரதேசம் பக்கமே போகமாட்டேன் என்பவர் இதை விட்டுவிடலாம். மற்றவர்கள் விட வேண்டாம்.

இணையாக வைக்கும் பேட்டரிகள் ஒரே வகை, ஒரே அளவு, ஒரே வயதுடையவையாக இருக்க வேண்டும். இணைப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் தனித்தனியே முழுவதும் சார்ஜ் செய்யுங்கள். இல்லையென்றால் இணைத்த நொடியில் நிறைந்ததிலிருந்து காலியானதற்குப் பெரும் மின்னோட்டம் பாயும்.

4. பேனல்: எழுதியிருக்கும் வாட் முழுவதும் கிடைக்காது

பேனலின் பின்னால் எழுதியிருப்பது ஆய்வக அளவு: சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி, செல்லின் வெப்பநிலை 25 டிகிரி. வண்டியின் கூரையில் வெயில் நேரத்தில் செல் 60 டிகிரியை எளிதாகத் தொடும். 25-க்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 விழுக்காடு வரை திறன் குறையும். 60 டிகிரியில் பத்து விழுக்காட்டுக்கு மேல் போய்விட்டது. பேனல் சாய்வின்றிப் படுத்திருப்பது, தூசி, கன்ட்ரோலரிலும் கம்பியிலும் ஏற்படும் இழப்பு எல்லாம் சேர்ந்தால், எழுதியிருப்பதில் 65 விழுக்காடு கிடைக்கும் என்று வைத்துக்கொள்வது நியாயமான கணக்கு.

ஒரு நாளின் மொத்த வெயிலை, முழு வலிமை வெயிலாக எத்தனை மணிக்குச் சமம் என்று மாற்றிக்கொள்ள வேண்டும். வெயில் மிகுந்த பகுதிகளில் 4 முதல் 5 மணி. உயர் அட்சரேகைகளின் குளிர்காலத்தில் 1 மணிகூட வராமல் போகலாம். 4 மணி என்று எடுத்தால், 1200-ஐ 4-ஆலும் 0.65-ஆலும் வகுக்க 460 வாட் பேனல் தேவை.

கூரையில் காற்றுப்போக்கி, கூரை ஜன்னல் எல்லாம் போக, 200 வாட் பேனல் இரண்டுக்குத்தான் இடம் என்று வைப்போம். 400 வாட் ஏறத்தாழ 1040 வாட்-மணி தரும். மீதி 160-ஐ வண்டி ஓடும்போது எடுத்துக்கொள்வோம். அது 6-ஆம் படியில். வாங்கும் முன் பேனலின் நீள அகலத்துக்கு அட்டை வெட்டிக் கூரையில் வைத்துப் பாருங்கள். நிழல் எங்கே விழுகிறது என்பதைக் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் பார்த்தால் இன்னும் நல்லது.

வளையும் மெல்லிய பேனல்கள் எடையில் ஈர்க்கும். கூரையோடு ஒட்டுவதால் கீழே காற்று ஓடாது, அதிகம் சூடாகும், பெரும்பாலும் சீக்கிரம் தேயும். வளைந்த கூரை என்றால் வேறு வழியில்லை. தட்டையான கூரை என்றால் சட்டமிட்ட கண்ணாடிப் பேனலையே தேர்ந்தெடுங்கள்.

5. சார்ஜ் கன்ட்ரோலர், தொடரா இணையா என்ற கேள்வி

எம்பிபிடி வகையையே வாங்குங்கள். பிடபிள்யூஎம் வகை பேனலின் மின்னழுத்தத்தைப் பேட்டரியின் அளவுக்கு இழுத்துவிடுவதால், கூடுதல் வோல்ட் வீணாகும். எம்பிபிடி அதை ஆம்பியராக மாற்றித் தரும். ஒரே ஒரு சிறு பேனல் வைப்பவருக்கு வேண்டுமானால் பிடபிள்யூஎம் போதும்.

கன்ட்ரோலரில் இரண்டு வரம்புகள் உண்டு. ஆம்பியர் வரம்பு: 400 வாட்டை 12.8-ஆல் வகுக்க 31. படுத்த பேனல் முழு அளவை எட்டுவது அரிது என்பதால் 30 ஆம்பியர் கன்ட்ரோலர் போதும். கொஞ்சம் மீறினாலும் அது தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும். வோல்ட் வரம்பு அப்படியல்ல, அதை ஒரு நொடி மீறினாலும் கன்ட்ரோலர் எரிந்துபோகலாம்.

இங்கே பலர் மறப்பது குளிரை. பேனலின் திறந்த சுற்று மின்னழுத்தம் (எதையும் இணைக்காதபோது அது காட்டும் வோல்ட்) வெப்பநிலை குறையக் குறைய ஏறும், டிகிரிக்குச் சுமார் 0.3 விழுக்காடு. இந்த மின்னழுத்தம் 24 வோல்ட் உள்ள பேனல் இரண்டைத் தொடராக இணைத்தால் 48. உறைநிலைக்குக் கீழே 10 டிகிரியில், 35 டிகிரி வித்தியாசத்துக்கு 10.5 விழுக்காடு கூட்டினால் 53. வரம்பு 50 வோல்ட் உள்ள கன்ட்ரோலர் ஒரு குளிர்ந்த காலையில் போய்விடும். 75 அல்லது 100 வோல்ட் வரம்புள்ளது பாதுகாப்பு.

தொடர் இணைப்பில் வோல்ட் கூடும், ஆம்பியர் ஒற்றைப் பேனலின் அளவே. மெல்லிய கம்பி போதும். மங்கிய காலை வெளிச்சத்திலும் சீக்கிரம் சார்ஜ் தொடங்கும். இணை இணைப்பில் ஒரு பேனல் மீது நிழல் விழுந்தாலும் மற்றது தன் வேலையைச் செய்யும். கூரை வெறிச்சோடி இருந்தால் தொடர். காற்றுப்போக்கியின் நிழல் ஒரு பேனல் மீது அடிக்கடி விழும் என்றால் இணை. இதுவே என் தீர்ப்பு. இணையாக மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பேனல்கள் வந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸ் வேண்டும், ஏனெனில் ஒன்று பழுதானால் மற்ற இரண்டின் மின்னோட்டமும் அதற்குள் பாயும்.

6. வண்டி ஓடும்போது சார்ஜ்

வண்டியின் ஆல்டர்னேட்டரிலிருந்து லித்தியம் பேட்டரிக்கு நேரடியாகக் கம்பி இழுக்காதீர்கள். லித்தியத்தின் உள் தடை மிகக் குறைவு. கிடைக்கும் ஆம்பியரையெல்லாம் நீண்ட நேரம் இழுத்து ஆல்டர்னேட்டரைச் சூடாக்கி எரித்துவிடும். நடுவே டிசி-டிசி சார்ஜர் வைத்தால் அது மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும், பேட்டரிக்கு ஏற்ற வோல்ட்டையும் தரும். புதிய வண்டிகளில் ஆல்டர்னேட்டர் எரிபொருள் சேமிப்புக்காக வோல்ட்டை ஏற்றி இறக்கும் என்பதால் அங்கே இது இன்னும் அவசியம்.

30 ஆம்பியர் சார்ஜர் அரை மணி ஓட்டத்தில் ஏறத்தாழ 190 வாட்-மணி தரும். பேனலில் விட்டுப்போன 160 இதில் சரியாகிறது. சார்ஜர் கம்பிக்கு இரு முனையிலும் ஃபியூஸ் வேண்டும். இரு பக்கமும் பேட்டரி இருக்கிறது அல்லவா.

7. வரைபடம் வரையாமல் கம்பி வெட்ட வேண்டாம்

ஒரு முழுத்தாளில் எல்லாவற்றையும் வரையுங்கள்: பேட்டரி, முதன்மை ஃபியூஸ், முதன்மை சுவிட்ச், நேர்முனை பஸ்பார் (பல கம்பிகள் ஒன்றுசேரும் உலோகப் பட்டை), ஷன்ட் (பேட்டரிக்குப் போய்வரும் மின்சாரத்தை அளக்கும் கருவி), எதிர்முனை பஸ்பார், கன்ட்ரோலர், டிசி-டிசி சார்ஜர், இன்வெர்ட்டர், ஃபியூஸ் பெட்டி. ஒவ்வொரு கோட்டின் மேலும் மூன்று எண்களை எழுதுங்கள்: அதிகபட்ச ஆம்பியர், ஒருவழி நீளம், கம்பியின் தடிமன். நீளத்தை யூகிக்காமல் வண்டிக்குள் கயிறு போட்டு அளங்கள். கம்பி நேராகப் போவதில்லை. அலமாரியைச் சுற்றி, தரைக்கு இறங்கி, மறுபடி ஏறும்.

எனக்கு இது மிக முக்கியமான படி. வரைபடம் இருந்தால் தவறு தாளிலேயே கண்ணில் படும். இரண்டு வருடம் கழித்துப் பழுது பார்க்கும்போதும் அதே தாள்தான் கைகொடுக்கும்.

8. கம்பியின் தடிமன்

கம்பி இரண்டு காரணங்களுக்காகத் தடிமனாக இருக்க வேண்டும். ஒன்று சூடாகாமல் இருக்க. மற்றொன்று வோல்ட் விழாமல் இருக்க. 12 வோல்ட் அமைப்பில் பெரும்பாலும் இரண்டாவதே முந்திக்கொள்ளும்.

செம்புக் கம்பிக்கான கணக்கு: போகவர மொத்த நீளத்தை மீட்டரில் எடுத்து, ஆம்பியரால் பெருக்கி, 0.0175-ஆல் பெருக்கி, சதுர மி.மீ. தடிமனால் (குறுக்குவெட்டுப் பரப்பால்) வகுத்தால் விழும் வோல்ட் கிடைக்கும். ஒருவழி நீளத்தை மட்டும் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. மின்சாரம் திரும்பியும் வர வேண்டும்.

ஃபிரிட்ஜை எடுத்துக்கொள்வோம். 5 மீட்டர் தொலைவு, போகவர 10 மீட்டர். ஓடும்போது 4.2 ஆம்பியர்தான், ஆனால் கம்ப்ரசர் கிளம்பும் கணத்தில் 10 ஆம்பியர் இழுக்கலாம். 1 சதுர மி.மீ. கம்பி என்றால் அந்தக் கணத்தில் 1.75 வோல்ட் விழுகிறது, 12.8 என்பது ஃபிரிட்ஜின் வாசலில் 11.05 ஆகிவிடும். ஃபிரிட்ஜ் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்து அணைந்துவிடும். பேட்டரி நிறைந்திருக்க ஃபிரிட்ஜ் மட்டும் நின்றுபோகிறது என்று புலம்புபவர்களில் பலருக்கு நோய் இதுதான். 4 சதுர மி.மீ. போட்டால் வீழ்ச்சி 0.44 வோல்ட், ஓடும்போது 0.2-க்கும் குறைவு. சிக்கல் தீர்ந்தது.

விளக்குக்கு 5 விழுக்காடு வீழ்ச்சிகூடப் பரவாயில்லை. ஃபிரிட்ஜ், பம்ப், சார்ஜர், இன்வெர்ட்டர் ஆகியவற்றுக்கு 3 விழுக்காட்டுக்குள் வையுங்கள்.

இன்வெர்ட்டருக்கு வருவோம். 1000 வாட்டை 12-ஆலும் 0.85-ஆலும் வகுக்க 98 ஆம்பியர். 35 சதுர மி.மீ. கேபிள், பேட்டரியிலிருந்து 1 மீட்டருக்குள். 2000 வாட் என்றால் இருநூறு ஆம்பியரை நெருங்கும், கேபிள் 70 சதுர மி.மீ. ஆகும். அதற்கும் மேலே தேவை என்றால் 24 வோல்ட் அமைப்பை யோசியுங்கள். அதே வாட்டுக்கு ஆம்பியர் பாதியாகும்.

பல இழைகள் கொண்ட, வெப்பம் தாங்கும் உறையுள்ள செம்புக் கேபிளையே வாங்குங்கள். ஒற்றைக் கம்பி அதிர்வில் ஒடியும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிள்கள் கடைகளில் செம்பு போலவே தோன்றும். தடை அதிகம், லக்கில் பிடிப்பும் குறைவு. நுனியைச் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும்.

9. ஃபியூஸ் கம்பிக்காக, கருவிக்காக அல்ல

இந்த ஒரு வரியை மனத்தில் வைத்தால் பாதித் தவறுகள் நடக்காது. அலமாரிக்குப் பின்னால் ஓடும் கம்பி உரசி, தோல் கிழிந்து, வண்டியின் உடம்பில் பட்டால், அது பழுத்துத் தீப்பிடிக்கும் முன் ஃபியூஸ் போக வேண்டும். ஆகவே ஃபியூஸின் அளவு கம்பி தாங்கும் ஆம்பியரைவிடக் குறைவாகவும், தொடர்ந்து ஓடும் சுமையைவிடக் கால்பங்கு அதிகமாகவும் இருக்க வேண்டும். இன்வெர்ட்டரின் 98 ஆம்பியருக்கு 125.

ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரியதைப் போட்டுவிடுவது ஆபத்து. அடிக்கடி போனால் சுமை அதிகம் அல்லது எங்கோ உரசல், அதைத் தேடுங்கள்.

முதன்மை ஃபியூஸ் பேட்டரியின் நேர்முனைக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில், ஒரு சாணுக்குள். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடையிலுள்ள கேபிளுக்கு எந்தக் காவலும் கிடையாது என்பதால் அது குட்டையாக இருக்க வேண்டும். எடுத்துக்காட்டில் இன்வெர்ட்டரும் மற்ற சுமைகளும் சேர்ந்து 130 ஆம்பியருக்கு மேல் போகலாம். 175 ஆம்பியர் ஃபியூஸும் 50 சதுர மி.மீ. கேபிளும் போட்டிருக்கிறேன்.

லித்தியத்துக்கு கிளாஸ் டி (Class T) வகை ஃபியூஸைப் பரிந்துரைக்கிறேன். ஷார்ட் ஆகும்போது வரும் பல்லாயிரம் ஆம்பியரை ஃபியூஸ் துண்டித்தாக வேண்டும். திறனற்ற ஃபியூஸில் உலோகம் உருகிய பிறகும் இடைவெளியில் தீப்பொறி தொடர்ந்து எரியும். கிளாஸ் டி ஃபியூஸ்கள் 20,000 ஆம்பியர் வரை துண்டிக்கும் தரம் கொண்டவை.

பேனலுக்கும் கன்ட்ரோலருக்கும் இடையே ஒரு துண்டிப்பான் வையுங்கள். அது நேர்மின்சாரத்துக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். மாறுதிசை மின்சாரம் நொடிக்குப் பலமுறை பூஜ்யத்தைத் தொடுவதால் தீப்பொறி தானே அணையும். நேர்மின்சாரம் அப்படி அணையாது. வீட்டு பிரேக்கரைக் கொண்டுவந்து மாட்டுவது அதனால்தான் தவறு.

10. கூரை வேலை

பேனலுக்கும் கூரைக்கும் இடையே இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். காற்று ஓடினால் பேனல் குளிரும். தாங்கிகளை ஒட்டும் முன் கூரையைச் சுத்தம் செய்து லேசாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். பாலியூரிதேன் பசை நல்லது. சிலிகான் வேண்டாம், பின்னர் அதன்மேல் வேறு எதுவும் ஒட்டாது. உலோகக் கூரை என்றால் திருகும் சேர்த்து, துளையிட்ட விளிம்புக்குத் துருக்காப்புப் பூச்சு கொடுத்து மாட்டுங்கள்.

கேபிள் உள்ளே நுழையும் இடத்துக்கு நீர்புகாத மூடி போடுங்கள். மூடிக்கு முன்னால் கேபிள் கொஞ்சம் தாழ்ந்து தொங்கி ஏறட்டும். மழைநீர் அதன் வழியே உள்ளே வழியாது. தொங்கும் கேபிளை அடக்கிக் கட்டிவிடுங்கள், ஓட்டத்தில் காற்று அதைக் கூரையில் அடித்துக்கொண்டே இருந்தால் உறை தேயும்.

11. பேட்டரி இருக்கும் இடம், பஸ்பார், ஷன்ட்

பேட்டரி வண்டியின் சட்டத்தோடு பிணைக்கப்பட வேண்டும். சடன் பிரேக்கில் 25 கிலோ பேட்டரி இருக்கையை நோக்கி வரும். ஈய-அமிலம் சார்ஜாகும்போது ஹைட்ரஜன் வெளிவிடும். அதன் பெட்டிக்கு வண்டிக்கு வெளியே திறக்கும் காற்றுக்குழாய் வேண்டும். எந்த வகையானாலும் சமையல் எரிவாயு உருளை இருக்கும் அறையில் வைக்கக் கூடாது.

இணையான இரண்டு பேட்டரிகளில், நேர்முனைக் கேபிளை ஒன்றிலிருந்தும் எதிர்முனைக் கேபிளை மற்றதிலிருந்தும் எடுங்கள். இரண்டையும் ஒரே பேட்டரியிலிருந்து எடுத்தால் அது அதிகம் உழைத்துச் சீக்கிரம் கிழடாகும்.

எதிர்முனையில் முதலில் ஷன்ட், அதற்குப் பிறகு பஸ்பார். எல்லா எதிர்முனைக் கம்பிகளும் பஸ்பாருக்கே வர வேண்டும். ஒரே ஒரு கம்பியை நேராகப் பேட்டரி முனையில் மாட்டிவிட்டாலும் அதன் வழியாகப் போகும் மின்சாரம் ஷன்ட்டுக்குத் தெரியாது. திரையில் காட்டும் விழுக்காடு பொய்யாகிவிடும். லித்தியத்தில் வோல்ட்டைப் பார்த்து மீதியைச் சொல்ல முடியாது. பாதி நிலையிலும் அதற்கு வெகு மேலேயும் 13.2 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். ஆகவே ஷன்ட் கட்டாயம்.

எதிர்முனை பஸ்பாரிலிருந்து வண்டிச் சட்டத்துக்கு ஒரே ஒரு தடித்த இணைப்பு. கருவிகளின் திரும்பு கம்பிக்காகச் சட்டத்தை நம்பாதீர்கள். துருப்பிடித்த மூட்டுகளில் வோல்ட் விழும்.

லக்குகளைச் சால்டர் செய்யாமல் கிரிம்ப் செய்யுங்கள். சால்டர் உறிஞ்சிய கேபிள் அந்த இடத்தில் விறைத்து, அதிர்வில் ஒடியும். ஒவ்வொரு லக்கையும் பலமாக இழுத்துப் பாருங்கள்.

12. இன்வெர்ட்டர்

தூய சைன் அலை வகையையே வாங்குங்கள். மற்றவை மோட்டார்களைச் சூடாக்கும். சிறு இன்வெர்ட்டர்கள் பலவற்றில் வெளிவரும் இரு கம்பிகளும் எர்த்துடன் தொடர்பின்றி இருக்கும். அப்படியானால் நீங்கள் மாட்டும் கசிவு துண்டிப்பான் ஒருபோதும் வேலை செய்யாது, மாட்டியிருக்கிறோம் என்ற நம்பிக்கை மட்டும் இருக்கும். நியூட்ரலும் எர்த்தும் எங்கே இணைய வேண்டும் என்பது இன்வெர்ட்டரின் கையேட்டையும் நீங்கள் இருக்கும் நாட்டின் விதியையும் பொறுத்தது. வெளி இணைப்பும் இன்வெர்ட்டரும் ஒரே பிளக்குகளுக்கு வருவதானால் இந்தப் பகுதியை மட்டும் உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விடுங்கள். 12 வோல்ட் பக்கம் தவறினால் ஃபியூஸ் காக்கும். இந்தப் பக்கம் தவறினால் உயிர் போகும்.

13. மின்சாரம் கொடுக்கும் வரிசை

எல்லா ஃபியூஸ்களும் வெளியே, முதன்மை சுவிட்ச் அணைந்த நிலை, பேனல் துண்டிப்பான் அணைந்த நிலை. இங்கிருந்து தொடங்குங்கள்.

முதலில் மல்டிமீட்டரால் நேர்முனை பஸ்பாருக்கும் எதிர்முனை பஸ்பாருக்கும் இடையே ஷார்ட் இல்லை என்று உறுதி செய்யுங்கள். பேனல் கேபிளின் நுனியில் வோல்ட்டையும், எது நேர்முனை என்பதையும் அளங்கள். நிறத்தை நம்பாதீர்கள், நீட்டிப்புக் கேபிள்களில் நிறம் மாறிப்போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்து முதன்மை ஃபியூஸ், சுவிட்ச். கன்ட்ரோலருக்கு முதலில் பேட்டரி இணைப்பைக் கொடுங்கள். அமைப்பு 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்பதை அது பேட்டரியைப் பார்த்தே அறியும். பேட்டரி இல்லாமல் பேனலை இணைத்தால் தவறாகப் புரிந்துகொள்ளலாம், பழுதும் ஆகலாம். கழற்றும்போது தலைகீழ் வரிசை: பேனல் முதலில், பேட்டரி கடைசியில்.

பேனலைப் போடும் முன் கன்ட்ரோலரில் பேட்டரி வகையை அமையுங்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்கு உச்ச சார்ஜ் 14.2 முதல் 14.4 வோல்ட், மிதவை நிலை (float) சுமார் 13.5, சமப்படுத்தும் சார்ஜ் (equalize) அணைந்த நிலை. வெப்பநிலைக்கேற்ற மாற்றம் பூஜ்யம். பேட்டரியின் கையேடு வேறு எண் சொன்னால் கையேடே இறுதி. டிசி-டிசி சார்ஜரிலும் இதையே செய்யுங்கள். அதை ஈய-அமில அமைப்பிலேயே விட்டுவிடுபவர்கள் ஏராளம்.

இப்போது பேனல். பிறகு கருவிகளின் ஃபியூஸை ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொன்றையும் இயக்கிப் பாருங்கள். கடைசியில் இன்வெர்ட்டர்; பெரிய இன்வெர்ட்டரை இணைக்கும்போது உள்ளிருக்கும் கெபாசிட்டர்கள் நிறையும்போது தீப்பொறி வரும். சில நொடி ஒரு மின்தடையம் (ரெசிஸ்டர்) வழியாக நிரப்பிவிட்டு இணைத்தால் அது தவிர்க்கப்படும்.

14. முதல் சில நாட்கள்

பேட்டரி முழுவதும் நிறைந்ததும் ஷன்ட்டை 100 விழுக்காடு என்று ஒத்திசைக்கவும். இன்வெர்ட்டரில் முழுச் சுமை கொடுத்துக் கால் மணி ஓட்டிவிட்டு, அணைத்தபின் ஒவ்வொரு இணைப்பையும் சோதியுங்கள். கேபிள் இளஞ்சூடாக இருக்கலாம். ஒரு லக் மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் அதைக் கழற்றி மறுபடி செய்யுங்கள்.

சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லாத் திருகுகளையும் மறுபடி முறுக்குங்கள். புதிய இணைப்பில் செம்பு இழைகள் அமுங்கித் தளரும். அதிர்வு மீதியைச் செய்யும்.

உங்கள் 1200 வாட்-மணிக் கணக்கை ஷன்ட் காட்டும் உண்மைச் செலவோடு ஒரு வாரம் ஒப்பிடுங்கள். 1500 வந்தால் பேனல் வாங்க ஓடுவதற்கு முன், அணைக்க மறந்த இன்வெர்ட்டரையும் ஃபிரிட்ஜின் பின்னால் காற்று ஓடுகிறதா என்பதையும் பாருங்கள்.

15. வண்டியைச் சில மாதங்கள் நிறுத்தும்போது

ஈய-அமிலத்தை முழுவதும் நிரப்பி, நிரம்பிய நிலையிலேயே வைத்திருக்க வேண்டும். லித்தியத்தைப் பாதி அளவில் விட்டு, முதலில் பேனலையும் பிறகு முதன்மை சுவிட்ச்சையும் அணையுங்கள். சுவிட்ச்சுக்கு முன்பாகவே மின்சாரம் எடுக்கும் ஏதாவது, ஷன்ட்டின் மெல்லிய கம்பிகூட, இருந்தால் அதையும் கழற்றுங்கள். மாதக்கணக்கில் அந்தச் சிறு கசிவே பேட்டரியை அடிமட்டத்துக்குக் கொண்டுபோய் பிஎம்எஸ்ஸைப் பூட்ட வைத்துவிடும். திரும்ப எடுக்கும்போது ஒருமுறை முழுவதும் நிரப்பி, ஷன்ட்டை மறுபடி 100 விழுக்காட்டுக்கு ஒத்திசைத்த பிறகே அது காட்டும் எண்ணை நம்புங்கள்.